ரத்தம் நிற்காத குடும்பமா? டாக்டரிடம் மறைக்காதீர்கள்!

"பிரசவம் என்றால் பெண்ணுக்கு மறுபிறவி" என்று நம் பாட்டிமார் சொல்வார்கள்.

அது வெறும் பேச்சு அல்ல. பிள்ளை பெற்ற படுக்கையிலேயே ரத்தம் போய் இறந்த பெண்களை அவர்கள் கண்ணால் கண்டவர்கள். அதனால் அப்படிச் சொன்னார்கள்.

இன்று காலம் மாறிவிட்டது. வீட்டில் பிள்ளை பெறுகிறவர்கள் மிகவும் குறைவு. பக்கத்தில் ஆஸ்பத்திரி இருக்கிறது. டாக்டர் இருக்கிறார். ரத்த வங்கி இருக்கிறது.

ஆனால், அந்தப் பழைய எதிரி இன்னும் சாகவில்லை.

உலகத்தில் ஆண்டுதோறும் சுமார் 1 கோடியே 40 லட்சம் பெண்களுக்குப் பிரசவத்துக்குப் பின் அளவுக்கு மீறி ரத்தம் போகிறது. உலக சுகாதார நிறுவனம் 2023-ல் கூறிய கணக்கு இது. அவர்களில் பல ஆயிரம் பேர் பிழைப்பது இல்லை.

ரத்தம் ஏன் நிற்காமல் போகிறது?

பெரும்பாலும், பிள்ளை பிறந்த பிறகு கருப்பை சரியாகச் சுருங்காததே காரணம். நஞ்சுக்கொடியின் துண்டு உள்ளே தங்கிவிடுவதும், உள்ளே கிழிந்துவிடுவதும் மற்ற காரணங்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. அதைப் பற்றி யாரும் பேசுவது இல்லை. ரத்தமே உறையாமல் இருப்பதுதான் அது!

இப்படிப்பட்டவர்கள் சிலரே. ஆனால், அந்தச் சிலரில் ஒருத்தி உங்கள் மகளாக இருக்கலாம். உங்கள் மருமகளாக இருக்கலாம்.

இதை முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியும். முதல் படிக்கு யந்திரம் வேண்டாம், பணம் வேண்டாம். குடும்பத்தார் வாய் திறந்து பேசினால் போதும். பேசாமல் மறைப்பதுதான் ஆபத்து. இன்று நாம் சொல்ல வந்தது அதைத்தான்.

கத்தி வைக்கும் நேரம்

முன்பெல்லாம், "வயிற்றைக் கிழித்துப் பிள்ளையை எடுத்தார்களாம்" என்றால் ஊரே கூடி அதிசயமாகப் பேசும். இன்று அப்படி அல்ல. தெருவுக்கு நாலு வீட்டில் சிசேரியன் குழந்தை ஓடி விளையாடுகிறது.

2019 முதல் 2021 வரை நாடு முழுவதும் குடும்ப நலக் கணக்கு எடுத்தார்கள். தமிழ்நாட்டில் நடந்த பிரசவங்களில் 100-க்கு 45, சிசேரியன் ஆபரேஷன் என்று அதில் தெரிந்தது. தனியார் ஆஸ்பத்திரிகளை மட்டும் எடுத்துக்கொண்டால் 100-க்கு 64!

இந்த ஆபரேஷன் எத்தனையோ தாயையும் சேயையும் காப்பாற்றியிருக்கிறது. அதைக் குறை சொல்வதற்கு இல்லை. தேவை இருந்தால் செய்துதான் ஆகவேண்டும். ஆனால், கத்தி கத்திதான்.

நிறைமாத கர்ப்பிணியின் கருப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கு மேல் ரத்தம் ஓடுகிறது. அதாவது, பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் உடம்பில் உள்ள ரத்தத்தின் அளவு முழுவதும் அந்த வழியாகப் போய் வந்துவிடும்.

பிள்ளை பிறந்ததும் கருப்பை இறுகிச் சுருங்குகிறது. ஈரத் துணியை முறுக்கிப் பிழிவது போல, அதன் சதை நார்கள் ரத்தக் குழாய்களை நெரித்து மூடுகின்றன. இது இயற்கை செய்து வைத்திருக்கும் ஏற்பாடு.

ஆனால், சிசேரியனில் வேறு காயங்களும் உண்டு. தோலை வெட்டுகிறார்கள். அதன் கீழே கொழுப்பு. அதன் கீழே சதையை விலக்குகிறார்கள். பிறகு கருப்பையின் சுவரையே வெட்டுகிறார்கள். பிறகு எல்லாவற்றையும் தைக்கிறார்கள். தைத்த இடத்தில் ஊசித் துளைகளிலிருந்து கசியும் ரத்தம் நிற்க வேண்டுமானால், ரத்தம் உறைந்தே ஆகவேண்டும். வேறு வழி இல்லை.

சிசேரியனில் அரை லிட்டர், முக்கால் லிட்டர் ரத்தம் போவது சாதாரணம். ஒரு லிட்டரைத் தாண்டினால் ஆபத்து என்று டாக்டர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு ரத்தசோகை இருப்பதாக அதே கணக்கெடுப்பு சொல்கிறது. கையிருப்பே குறைவு. அதிலும் செலவு கூடினால் என்ன ஆகும்?

குடம் கைமாறுவது போல...

ரத்தம் எப்படி உறைகிறது?

கிராமத்தில் ஒரு கூரை வீடு தீப்பிடித்தால் என்ன செய்வார்கள்? கிணற்றிலிருந்து வீடு வரை ஜனங்கள் வரிசையாக நிற்பார்கள். முதல் ஆள் குடத்தை இரண்டாம் ஆளிடம் கொடுப்பான். அவன் மூன்றாம் ஆளிடம் கொடுப்பான். இப்படிக் கைமாறிக் கைமாறித் தண்ணீர் தீக்குப் போய்ச் சேரும். வரிசையின் நடுவே ஒருவன் இல்லாவிட்டால்? குடம் நின்றுவிடும். வீடு எரிந்துவிடும்.

நம் ரத்தத்திலும் இப்படி ஒரு வரிசை இருக்கிறது.

காயம் பட்டதும் முதலில் ஓடி வருகிறவை தட்டணுக்கள். டெங்கு காய்ச்சல் வந்தால், "தட்டணு குறைந்துவிட்டது" என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதே தட்டணுக்கள்தான். அவை ஓட்டையின் வாயில் போய் ஒட்டி அடைக்கின்றன. ஆனால், அந்த அடைப்பு வலுவானது அல்ல. மண் கரை மாதிரி கரைந்துவிடும்.

அதை வலுப்படுத்த, ரத்தத்தில் கரைந்திருக்கும் சில பொருள்கள் ஒன்றன்பின் ஒன்றாக வேலை செய்கின்றன. டாக்டர்கள் இவற்றை "பேக்டர்" என்கிறார்கள். 1 முதல் 13 வரை இவற்றுக்கு எண் கொடுத்திருக்கிறார்கள். இதில் 6 என்ற எண் மட்டும் கிடையாது. முதலில் கொடுத்தார்கள். அது தனிப் பொருள் அல்ல, 5-வது பேக்டரின் இன்னொரு உருவம்தான் என்று தெரிந்ததும் நீக்கிவிட்டார்கள்.

9-வது பேக்டருக்கு "கிறிஸ்துமஸ் பேக்டர்" என்று ஒரு பெயர் உண்டு. பண்டிகைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஸ்டீபன் கிறிஸ்துமஸ் என்பது ஒரு சிறுவனின் பெயர். அவன் ரத்தத்தில் இந்தப் பொருள் இல்லை என்று 1952-ல் கண்டுபிடித்தார்கள். அவன் பெயரையே வைத்துவிட்டார்கள்.

இந்த வரிசையின் கடைசியில், "பைப்ரினோஜன்" என்ற பொருள் நூல் நூலாக மாறுகிறது. மீன் வலை போலப் பின்னிக்கொண்டு காயத்தை மூடுகிறது. அந்த வலையின் முடிச்சுகளை இறுக்கிக் கட்டுவது 13-வது பேக்டர். முடிச்சு இறுகாவிட்டால் வலை இற்றுப்போகும். நின்ற ரத்தம் மறுபடியும் ஓடும்.

வரிசையில் ஒருவர் குறைந்தாலும் வேலை கெடும் என்பது இப்போது விளங்குகிறது அல்லவா?

இயற்கை தரும் காவல்

பிரசவத்தில் ரத்தம் போகும் என்பது இயற்கைக்குத் தெரியும். ஆகவே, கர்ப்ப காலத்தில் அதுவே முன்னேற்பாடு செய்கிறது.

சாதாரண நாளில் 100 மில்லி ரத்த நீரில் பைப்ரினோஜன் 200 முதல் 400 மில்லி கிராம் இருக்கும். பேறுகாலம் நெருங்கும்போது இது 400, 600 என்று ஏறிவிடுகிறது. 8-வது பேக்டரும் கூடுகிறது. தட்டணுவை ஒட்ட வைக்கும் "வான் வில்லிபிராண்ட்" என்ற பொருளும் கூடுகிறது.

ரத்தம் போய்க்கொண்டிருக்கும் ஒரு தாய்க்குப் பைப்ரினோஜன் 200-க்குக் கீழே இறங்கினால், அது பெரிய அபாயச் சங்கு. டாக்டர்கள் உடனே அதை ஈடுகட்ட முயல்வார்கள்.

ஆனால், இயற்கை எல்லாவற்றையும் கூட்டுவது இல்லை. 9-வது பேக்டர் அவ்வளவாகக் கூடாது. 11-வதும் கூடாது. 13-வது பேக்டரோ கர்ப்பத்தில் குறையவும் செய்யும். பிறவியிலேயே இவை குறைந்த பெண்ணுக்கு இந்தக் காவல் கிடையாது.

தீவில் ஒரு சிறுமி

1924-ம் ஆண்டு. பின்லாந்து நாட்டைச் சேர்ந்த ஆலண்ட் தீவுகளிலிருந்து ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியை டாக்டரிடம் கொண்டுவந்தார்கள். அவள் பெயர் ஜோர்டிஸ். அவளுக்கு மூக்கிலிருந்தும் வாயிலிருந்தும் ரத்தம் வரும். எளிதில் நிற்காது. அவளுடைய அக்காள் தங்கைகளில் நாலு பேர் சிறு வயதிலேயே ரத்தம் போய் இறந்திருந்தார்கள்.

டாக்டரின் பெயர் எரிக் வான் வில்லிபிராண்ட்.

அவர் என்ன செய்தார்? அந்தக் காலத்தில் இன்றுள்ள சோதனைகள் கிடையாது. அவர் குடும்பத்தை விசாரித்தார்! தாத்தா யார், பாட்டி யார், யாருக்கு ரத்தம் போனது, யார் எப்படி இறந்தார்கள் என்று கேட்டுக் கேட்டு எழுதினார். அந்த வம்சத்தில் 66 பேரின் கதையைச் சேர்த்தார். அதில் 23 பேருக்கு இதே கோளாறு. அந்த 23 பேரில் 16 பேர் பெண்கள்!

"ரத்தம் உறையாத நோய் ஆண்களுக்குத்தான் வரும்" என்று அதுவரை நினைத்திருந்தார்கள். இது வேறு நோய், இது பெண்களையும் பிடிக்கும் என்று 1926-ல் அவர் எழுதினார். இன்று அந்த நோய்க்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது.

ஜோர்டிஸ் என்ன ஆனாள்? அவளைக் காப்பாற்ற அன்று மருந்து இல்லை. பதின்மூன்று வயதில், நாலாவது மாதவிலக்கின்போது ரத்தம் நிற்காமல் இறந்துபோனாள்.

பிறவியில் வரும் ரத்தக் கோளாறுகளில் உலகில் அதிகம் பேருக்கு இருப்பது இதுதான். சுமார் ஆயிரம் பேரில் ஒருவருக்காவது தொந்தரவு கொடுக்கும் அளவில் இருக்கிறது. இது பூதக் கண்ணாடியால் கண்டுபிடித்த நோய் அல்ல. ஒரு குடும்பத்தார் வாய் திறந்து பேசியதால் கண்டுபிடித்த நோய். இதை மறக்கக் கூடாது.

சீட்டில் "நார்மல்"!

"ஆபரேஷனுக்கு முன்தான் ரத்தம் சோதிக்கிறார்களே! பி.டி., சி.டி. பார்த்தார்கள். நார்மல் என்று சீட்டில் எழுதியிருக்கிறது. பிறகு என்ன பயம்?" என்று நீங்கள் கேட்கலாம்.

விரலில் குத்தி, ரத்தம் எத்தனை நிமிடத்தில் நிற்கிறது, எத்தனை நிமிடத்தில் உறைகிறது என்று பார்ப்பதுதான் அந்தச் சோதனை. பழைய சோதனை. லேசான கோளாறுகள் அதில் பல நேரம் தப்பிவிடும்.

13-வது பேக்டர் இல்லாதவர்களுக்கு வழக்கமான உறைவுச் சோதனைகள் எல்லாமே நார்மலாக வரும். அதற்கென்று தனிச் சோதனை செய்தால்தான் தெரியும். வான் வில்லிபிராண்ட் கோளாறு லேசாக உள்ள பெண்ணுக்குக் கர்ப்பத்தில் அந்தப் பொருள் கூடிவிடும். எட்டாம் மாதத்தில் சோதித்தால் நல்லதாகவே காட்டும். பிள்ளை பிறந்து சில நாளில் பழையபடி இறங்கிவிடும்.

ஆகவே, சீட்டில் உள்ள "நார்மல்" என்ற ஒரு சொல்லை நம்பி மட்டும் இருக்கக் கூடாது. அந்தப் பெண்ணின் கதையையும் கேட்க வேண்டும். கதை சரியில்லை என்றால், எந்தச் சோதனை வேண்டும் என்று டாக்டருக்குத் தெரியும்.

காது குத்தியபோது என்ன நடந்தது?

நம் வீடுகளில் நமக்குத் தெரியாமலே பல சோதனைகள் நடந்து முடிந்திருக்கின்றன! அவற்றை நினைவுபடுத்திப் பாருங்கள்.

பிறந்தபோது தொப்புள்கொடி விழுந்த இடத்தில் நாள்கணக்கில் ரத்தம் கசிந்ததா? 13-வது பேக்டர் இல்லாத குழந்தைகளுக்கு இது முக்கியமான அடையாளம்.

காது குத்தியபோது, மூக்கு குத்தியபோது ரத்தம் நிற்க வெகு நேரம் ஆனதா? வீட்டில் ஒரு பையனுக்குச் சுன்னத் செய்தபோது ரத்தம் நிற்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கி ஓடினீர்களா?

பல் பிடுங்கிய மறுநாளும் வாயில் ரத்தம் வந்ததா? மூக்கில் ரத்தம் வந்தால் பத்து நிமிடம் பிடித்தும் நிற்காமல் இருந்ததா? அடிபடாமலே உடம்பில் கன்றிப்போன நீலத் திட்டுகள் வருவது உண்டா?

மாதவிலக்கு ஏழு நாளுக்கு மேல் போகிறதா? மணிக்கு ஒருமுறை, இரண்டு மணிக்கு ஒருமுறை துணியை மாற்ற வேண்டி இருக்கிறதா? ரூபாய்க் காசைவிடப் பெரிய கட்டி கட்டியாக வருகிறதா?

முந்தின பிரசவத்தில், கருக்கலைவில், ஏதாவது ஆபரேஷனில் ரத்தம் ஏற்ற வேண்டி வந்ததா? அடிக்கடி கரு கலைகிறதா?

தாய்க்கு, அக்காளுக்கு, சித்திக்கு, அத்தைக்குப் பிரசவத்தில் ரத்தம் அதிகமாகப் போனதா? குடும்பத்தில் யாருக்காவது "ஹீமோபீலியா" என்ற நோய் உண்டா?

இவற்றில் ஒன்றுக்காவது "ஆமாம்" என்றால் பதற வேண்டாம். நோய் இருந்தே தீரும் என்று அர்த்தம் இல்லை. மாதவிலக்கு அதிகமாவதற்கு வேறு பல காரணங்களும் உண்டு. ஆனால், டாக்டரிடம் சொல்லியே தீர வேண்டும். முதல் மாதங்களிலேயே சொல்ல வேண்டும். ஆபரேஷன் மேஜையில் படுத்த பிறகு சொல்லிப் பயன் இல்லை.

மாத்திரைகளையும் மறைக்கக் கூடாது. ஆஸ்பிரின் சாப்பிடுகிறீர்களா, ரத்தம் கட்டாமல் இருக்க ஊசி போடுகிறீர்களா என்று சொல்லுங்கள். நீங்களாக அவற்றை நிறுத்தவும் வேண்டாம். எப்போது நிறுத்துவது என்பதை டாக்டர் சொல்லட்டும்.

ஏன் மறைக்கிறார்கள்?

இத்தனை சுலபமான காரியத்தை ஏன் செய்வது இல்லை?

காரணம், வெட்கம். இன்னொரு காரணம், கல்யாணம்.

பெண்ணுக்கு மாதந்தோறும் அதிகமாகப் போகிறது என்றால் தாய் என்ன சொல்கிறாள்? "சத்தம் போடாதே! நாலு பேர் கேட்டால் என்ன நினைப்பார்கள்? எனக்கும் அப்படித்தான் இருந்தது. கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்!"

"எனக்கும் அப்படித்தான் இருந்தது" என்ற அந்த ஒரு வார்த்தையே டாக்டருக்குப் பெரிய தடயம். தாய்க்கும் இருந்தது, மகளுக்கும் இருக்கிறது என்றால், அது ரத்த வழியாக வந்திருக்கலாம். ஆனால், அந்த வார்த்தை அடுப்பங்கரையைத் தாண்டி வெளியே வருவது இல்லை.

அண்ணனுக்கு ஹீமோபீலியா. முழங்கால் வீங்கி நொண்டுகிறான். தங்கைக்கு வரன் பார்க்கிறார்கள். "அண்ணனுக்குச் சைக்கிளில் விழுந்து அடி" என்று சொல்லிவிடுகிறார்கள். கல்யாணமும் நடந்துவிடுகிறது. பிறகு அவள் கர்ப்பமாகிறாள். "உங்கள் குடும்பத்தில் யாருக்காவது ரத்த நோய் உண்டா?" என்று டாக்டரம்மா கேட்கிறார். பக்கத்தில் மாமியார் நிற்கிறார். அவள் என்ன சொல்வாள்? "இல்லை" என்றுதான் சொல்வாள்!

இந்தப் பொய்க்கு விலை என்ன தெரியுமா?

ஹீமோபீலியா பெரும்பாலும் ஆண்களைத்தான் வாட்டுகிறது. ஆனால், அவர்களுடைய அக்காள் தங்கைகளின் உடம்பில் அந்தக் குறை மறைந்திருக்கலாம். அவர்களில் சிலருக்கு 8-வது அல்லது 9-வது பேக்டர் குறைவாகவே இருக்கும். ஆபரேஷனில் அது ஆபத்து. முதுகில் போடும் மயக்க ஊசியிலும் ஆபத்து. முதுகுத் தண்டின் அருகே ரத்தம் கட்டிக்கொண்டால் கால் விழுந்துவிடக் கூடும்.

வயிற்றில் இருப்பது ஆண் குழந்தை என்றால், அதற்கும் நோய் வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அப்படிப்பட்ட குழந்தையை ஆயுதம் போட்டு எடுத்தால் தலைக்குள் ரத்தம் கசியலாம். விஷயம் தெரிந்த டாக்டர் அதைத் தவிர்ப்பார். தெரியாத டாக்டர் என்ன செய்வார்?

மாமியார்மார்களுக்கு ஒரு வார்த்தை. பெண் வீட்டார் மறைத்தால், அது உங்களுக்குப் பயந்துதான். "எதுவாக இருந்தாலும் டாக்டரிடம் சொல்லம்மா, நான் வெளியே போய் உட்காருகிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். அந்தப் பெண் ஆயுள் உள்ளவரை உங்களை மறக்கமாட்டாள்.

சொந்தத்தில் கல்யாணம்

மாமன் மகள், அத்தை மகன், அக்காள் மகள் என்று சொந்தத்தில் கட்டுவது நம் நாட்டு வழக்கம். தமிழ்நாட்டில் 100 கல்யாணத்தில் சுமார் 28, சொந்தத்தில் நடந்தவை என்று முன்பு சொன்ன கணக்கெடுப்பே கூறுகிறது.

சில ரத்தக் கோளாறுகள் தாய் வழி ஒன்று, தகப்பன் வழி ஒன்று என்று இரண்டு பக்கமும் குறை சேர்ந்தால்தான் வெளிப்படும். 13-வது பேக்டர் இல்லாத கோளாறு அப்படிப்பட்டது. மற்ற இடங்களில் அது மிகவும் அபூர்வம். சொந்தத்தில் கட்டும் குடும்பங்களில் அது அதிகமாகத் தலைகாட்டுகிறது. ஒரே தாத்தாவின் குறை இரண்டு பக்கமும் வந்து சேர்ந்துவிடுகிறது!

சொந்தத்தில் கட்டியவர்களைப் பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. பெரும்பாலோர் நன்றாகவே இருக்கிறார்கள். டாக்டர், "சொந்தத்தில் கல்யாணமா?" என்று கேட்டால் மழுப்பாமல் பதில் சொல்லுங்கள். அவர் கேட்காவிட்டாலும் நீங்கள் சொல்லுங்கள்.

சொன்னால் என்ன நன்மை?

"சொன்னால் மட்டும் என்ன ஆகிவிடும்? பிறவிக் கோளாறு தீர்ந்துவிடுமா?"

தீராது. ஆனால், தாய் பிழைப்பாள். குறைந்திருப்பது எந்தப் பேக்டர் என்று தெரிந்தால், அதையே ஊசி மூலம் ஏற்றலாம். அதற்கு மருந்து இருக்கிறது.

1964-ல் ஜூடித் பூல் என்ற அமெரிக்கப் பெண் விஞ்ஞானி ஒன்றைக் கண்டார். உறைய வைத்த ரத்த நீரை மெதுவாக உருக்கும்போது அடியில் ஒரு வண்டல் தங்குகிறது. அதில் 8-வது பேக்டர் நிறைய இருக்கிறது. பைப்ரினோஜனும் இருக்கிறது. ரத்த வங்கிகளில் இன்றும் இந்த வண்டலைத் தயாரித்து உயிர் காக்கிறார்கள்.

இன்னொரு பெண்மணியின் கதையையும் கேளுங்கள். ஜப்பானில் உடாகோ ஒகமோட்டோ என்று ஒரு டாக்டர். உலகப் போருக்குப் பிந்தைய வறுமைக் காலம். ஆராய்ச்சிக்குப் பொருள் வாங்கக் காசு இல்லை. "ரத்தத்தை ஆராய்வோம். போதாவிட்டால் நம் ரத்தத்தையே எடுத்துக்கொள்ளலாம்" என்று அவரும் அவர் கணவரும் முடிவு செய்தார்கள். குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு அவர் ஆராய்ச்சிசாலையில் வேலை செய்தார்.

பிரசவத்தில் இறக்கும் தாய்மாரைக் காப்பாற்ற வேண்டும் என்பது அவர் ஆசை. 1962-ல் அவர்கள் கண்ட மருந்துதான் "டிரானெக்ஸாமிக் அமிலம்". காயத்தை மூடிய வலை கரைந்துவிடாமல் அது காக்கும். விலையும் மலிவு.

ஆனாலும், அந்த மருந்து பிரசவத்தில் எவ்வளவு உதவும் என்று பெரிய அளவில் சோதித்துப் பார்க்கப் பல ஆண்டுகள் ஆயின. 21 நாடுகளில் 20,000 தாய்மாரிடம் சோதித்தார்கள். முடிவு 2017-ல் வந்தது. பிள்ளை பிறந்த மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால், ரத்தம் போய்ச் சாகிறவர்களில் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது!

அந்த நல்ல செய்தியைக் கேட்க அவர் இல்லை. அதற்கு முந்தின ஆண்டு, 98-வது வயதில் காலமாகிவிட்டார்.

மருந்து இருக்கிறது. ஆனால், அது தயாராக இருக்க வேண்டுமே! நள்ளிரவில் சிறிய நர்சிங் ஹோமில் ரத்தம் பெருகும்போது பேக்டர் மருந்தைத் தேடி ஓடினால் கிடைக்குமா? முன்பே சொல்லியிருந்தால், டாக்டர் உங்களைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார். மகப்பேறு டாக்டர், ரத்த நோய் டாக்டர், மயக்க மருந்து டாக்டர் மூவரும் கலந்து பேசுவார்கள். எந்த நாளில், எந்த மருந்து, எத்தனை யூனிட் ரத்தம் என்று திட்டம் போடுவார்கள்.

இதற்குப் பணம் இல்லையே என்று கலங்க வேண்டாம். தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் ஹீமோபீலியா நோயாளிகளுக்குப் பேக்டர் மருந்தை இலவசமாகக் கொடுக்கிறார்கள். இத்தகைய நோய்களைக் கண்டறிவதில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி பெயர் பெற்றது. வழி இருக்கிறது. கேட்கத்தான் வேண்டும்.

இத்தகைய பெண்கள் எல்லாரும் சிசேரியன்தான் செய்துகொள்ள வேண்டுமா? இல்லை. பலர் சுகப்பிரசவமாகவே பெற்றுக்கொள்கிறார்கள். தேவை இல்லாமல் கத்தி படாமல் இருப்பது அவர்களுக்கு நல்லது. ஆகவே, "நல்ல நேரத்தில் பிள்ளை பிறக்க வேண்டும், ஆபரேஷன் செய்யுங்கள்" என்று ஜோசியர் குறித்த நேரத்தோடு டாக்டரிடம் போய் நிற்காதீர்கள்!

வீட்டுக்கு வந்த பிறகு...

பிள்ளை பிறந்துவிட்டது, தையல் பிரித்தாகிவிட்டது, இனிப் பயம் இல்லை என்று நினைக்கக் கூடாது.

கர்ப்பத்தில் கூடிய பேக்டர்கள் பிரசவத்துக்குப் பிறகு மூன்று வாரத்துக்குள் பழைய நிலைக்கு இறங்கிவிடும். குறை உள்ள பெண்ணுக்கு ஆபத்து அப்போதுதான் வரும். தாய் வீட்டில் பத்தியச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருக்கும் நேரம் அது.

ஒரு மணி நேரத்தில் ஒரு துணி முழுவதும் நனைந்தால், பெரிய கட்டிகள் விழுந்தால், கண் இருண்டு தலை சுற்றினால், தையல் போட்ட இடம் வீங்கிக் கறுத்தால், உடனே 108-க்குப் போன் செய்யுங்கள். "தீட்டு போகத்தான் செய்யும், அழுக்கு ரத்தம் போகட்டும்" என்று காத்திருக்காதீர்கள். போவது உயிர் ரத்தம்!

டாக்டர்களுக்கும் ஒரு விண்ணப்பம்

ஜனங்களை மட்டும் குறை சொல்லி முடித்தால் அது நியாயம் ஆகாது.

கூட்டம் அதிகம், நேரம் குறைவு, தெரியும். ஆனாலும் தாய்மாரை முதல் நாள் பார்க்கும்போது இந்தக் கேள்விகளைக் கேளுங்கள். "ரத்த நோய் உண்டா?" என்று மொட்டையாகக் கேட்டால் "இல்லை" என்றே பதில் வரும். "காது குத்தியபோது என்ன ஆயிற்று? பல் பிடுங்கியபோது? உன் அம்மாவுக்குப் பிரசவத்தில் ரத்தம் ஏற்றினார்களா?" என்று கேளுங்கள். கதை கொட்டும்!

அந்தப் பெண்ணைத் தனியே வைத்துக் கேளுங்கள். பதிலைத் தாய்-சேய் நல அட்டையில் சிவப்பு மையால் எழுதுங்கள். அவள் எந்த ஊர் ஆஸ்பத்திரியில் போய் விழுந்தாலும், அட்டையைத் திறந்ததும் கண்ணில் பட வேண்டும்.

கிராம நர்சு அம்மாள் வீடு வீடாகப் போகிறார். பாட்டியிடமும் அத்தையிடமும் திண்ணையில் உட்கார்ந்து பேசுகிறார். ஒரு வம்சத்தின் கதை அவரிடம் வந்து சேரும் அளவுக்கு டாக்டரிடம் வராது. இந்தக் கேள்விகளை அவருக்குச் சொல்லிக்கொடுத்தால், பல உயிர்கள் பிழைக்கும்.

முடிவாக ஒன்று

கல்யாணத்துக்கு முன் ஜாதகம் பார்க்கிறோம். பத்துப் பொருத்தம் பார்க்கிறோம். ஏழு தலைமுறை விசாரிக்கிறோம். அந்த விசாரணையில் ஒரு பங்கு பிரசவத்துக்கு முன் செய்யக் கூடாதா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை வரட்டும். வீட்டில் எல்லாரும் இருப்பீர்கள். கர்ப்பிணி இருக்கும் வீடானால், பாட்டியைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள். "நம் வீட்டில் யாருக்காவது ரத்தம் நிற்காமல் போனது உண்டா பாட்டி?" என்று கேளுங்கள்.

பாட்டி கொஞ்சம் யோசிப்பார். பிறகு, நீங்கள் இதுவரை கேட்டிராத ஒரு பெயரைச் சொல்லக் கூடும். "என் கூடப் பிறந்தவள் ஒருத்தி இருந்தாள். தலைப்பிரசவத்தில் போய்விட்டாள்..."

அந்தக் கதையை ஒரு தாளில் எழுதுங்கள். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது மறக்காமல் எடுத்துப் போங்கள்.

என்றோ செத்துப்போன அந்தப் பெண், இன்று உங்கள் வீட்டுப் பெண்ணைக் காப்பாற்றுவாள்!